பணம் பற்றிய வேத வகுப்பு, வேலூர்: 600 ரூபாய்க்குத் தகுமா?

தகும். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பில் எனக்குப் பிடித்த விஷயமும் எரிச்சல் வந்த விஷயமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கின்றன.

காட்பாடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடி ஹாலில், வாரத்துக்கு ஒரு மாலை நடக்கும் வேத வகுப்பு இது. வேதாகமம் பணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது பாடம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், மனுஷர் நல்லவர், எதற்கு வம்பு. 600 ரூபாயில் ஜெராக்ஸ் நோட்ஸும் டீயும் அடக்கம். வருகிறவர்களில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆட்கள் அதிகம், கத்தோலிக்கர் சிலர், பெந்தெகொஸ்தே சபையிலிருந்தும் சில குடும்பங்கள். போதகரை பிரதர் என்று கூப்பிடுவதா ஐயா என்று கூப்பிடுவதா என்று ஆரம்பத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது, அப்புறம் எல்லாரும் ஐயாவிலேயே நின்றுவிட்டார்கள்.

நான் பஜாரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கங்களில் ஒரு உறுத்தல் ரொம்ப நாளாக உண்டு. ஒரு வாரம் "கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்" என்று நீதிமொழிகளை எடுப்பார்கள், அடுத்த வாரம் ஐசுவரியவான் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்பார்கள், இரண்டுக்கும் சபை ஒரே சத்தத்தில் ஆமென் சொல்லும். பணக்காரனாவது ஆசீர்வாதமா ஆபத்தா? இரண்டும் என்றால் எப்போது எது? இதை யாரிடம் கேட்டாலும் "விசுவாசத்தோட படிங்க தம்பி" என்பதுதான் பதில்.

இதற்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஆசீர்வாதக் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். அங்கே இந்தச் சிக்கலே கிடையாது. நாற்காலிக்கு ஒரு கவர் வைத்திருந்தார்கள், கவர்மேல் மல்கியா 3:10 அச்சடித்திருந்தது, தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற அந்த வசனம். பேசியவர் நூறத்தனையாய், அதாவது நூறு மடங்காய்த் திரும்ப வரும் என்றார், "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்று மூன்றாம் யோவானை மனப்பாடமாகச் சொன்னார், பக்கத்தில் இருந்த அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து மடித்து மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்துக் கவருக்குள் வைத்தார். கார்டு மிஷின்கூட வைத்திருந்தார்கள். சவுண்ட் சிஸ்டம் பிரமாதம், அதை மறுக்க முடியாது.

இந்த மாடி ஹால் வகுப்பு அதற்கு நேர் எதிர், மைக்கே சரியாக வேலை செய்யாது. போதகருக்கு ஒரு முறை உண்டு. எந்த வசனத்தை யார் சொன்னாலும் "முன்னால அஞ்சு, பின்னால அஞ்சு படிங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. ஆனால் பண வசனங்களில் அந்த வித்தை செய்கிற வேலை இருக்கிறதே, அதற்கே 600 ரூபாய் கொடுக்கலாம்.

மல்கியா 3:10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஐந்து வசனம் போனால் 3:5. அங்கே கர்த்தர், சூனியக்காரருக்கும் பொய்யாணை இடுகிறவர்களுக்கும் விரோதமாகச் சாட்சி சொல்ல வருவேன் என்கிறார், அந்த வரிசையிலேயே கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களையும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும் நிறுத்துகிறார். அதே அதிகாரம், அதே பக்கம். கவரில் இதை ஏன் அச்சடிக்கவில்லை என்று தெரிகிறது. அப்புறம் தசமபாகம் எங்கே போக வேண்டும் என்று உபாகமம் 14ஐத் திறக்கச் சொன்னார். கொடுத்தவனே குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டு சந்தோஷப்பட வேண்டும், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைத்து ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் அந்நியனான பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட விட வேண்டும். நான் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து சபையில் இருக்கிறேன், இந்தப் பகுதியை வைத்து ஒரு தசமபாகப் பிரசங்கமும் கேட்டதில்லை.

நூறத்தனைக்கும் இதே கதி. மாற்கு 10:30ஐ முழுசாகப் படித்தால், வீடுகளும் நிலங்களும் நூறத்தனையாய் என்று வரும்போதே "துன்பங்களோடேகூட" என்றும் வருகிறது. அதுவும் சும்மா ஒருவனுக்கு இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சொன்னது. மூன்றாம் யோவான் வசனமோ காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கம், நாம் "நலம், நலமறிய அவா" என்று எழுதுவோமே அந்த மாதிரி. அதை வைத்து ஒரு பொருளாதாரத் திட்டமே போட்டிருக்கிறார்கள்.

சரி, இதோடு நின்றிருந்தால் செழிப்பு உபதேசக்காரர்களைத் திட்டும் இன்னொரு வகுப்பாகப் போயிருக்கும், சி.எஸ்.ஐ.காரர்கள் எல்லாம் நாங்கள் அப்படி இல்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். நல்லவேளை அடுத்த வாரமே போதகர் எங்கள் பக்கம் திரும்பினார்.

ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முட்டிபோட்டால் நுழைந்துவிடும் என்ற விளக்கத்தை நம் ஊரில் கேட்காதவர் இருக்க முடியாது. வகுப்பிலும் ஒருவர் சொன்னார், பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்றோம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, பல நூற்றாண்டு கழித்து வந்த கதை அது என்று போதகர் சொன்னார். அதோடு விடாமல், "பின்னால அஞ்சு படிங்க" என்றார். சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள். முட்டிபோட்டு நுழைகிற வாசல் என்றால் அவர்கள் எதற்கு அப்படி அதிர்ந்து போக வேண்டும்? அந்தக் கேள்விக்கு ஹாலில் யாரிடமும் பதில் இல்லை. முடியாததை முடியாதது என்றுதான் இயேசு சொன்னார், தேவனாலே எல்லாம் கூடும் என்று அடுத்து சொன்னதும் உண்மை, ஆனால் வாசலைக் கட்டியது நாம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாலை அதற்கு அடுத்தது. போர்டில் நாலு பத்தி போட்டார். முதல் பத்தியில் அந்த ஒட்டக வசனத்துக்கு முன்னால் இயேசுவிடம் நித்திய ஜீவனுக்கு வழி கேட்டு வந்த ஐசுவரியவான், மத்தேயு அவனை வாலிபன் என்கிறார், லூக்கா தலைவன் என்கிறார், இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்பதை மாற்கு மட்டும் எழுதியிருக்கிறார். அவனுக்குச் சொன்னது, உனக்கு உண்டானவற்றையெல்லாம் விற்றுக் கொடு. இரண்டாம் பத்தியில் சகேயு, வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவர், லூக்காவில் அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே வருகிறவர். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. மிச்சத்தையும் விற்றுவிட்டு வா என்று இயேசு சொல்லவில்லை, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். மூன்றாவது, லூக்கா 8இல் வரும் யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள், தங்கள் ஆஸ்தியைக் கையில் வைத்துக்கொண்டே அதிலிருந்து இயேசுவுக்கும் சீஷருக்கும் செலவு செய்தவர்கள். நாலாவது அப்போஸ்தலர் 5, அனனியா சப்பீராள், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுசும் கொடுத்ததாகக் காட்டிய தம்பதி. நிலத்தை விற்குமுன்னே அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். ஆக, எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, பொய் சொன்னதுதான் குற்றம்.

ஒருவனுக்கு முழுசும், ஒருவனுக்குப் பாதி, பெண்களுக்குக் கணக்கே கேட்கவில்லை, கடைசி ஜோடி மீதி வைத்ததற்காக இல்லாமல் மறைத்ததற்காகச் செத்தார்கள். எந்தக் கோட்டில் போட்டாலும் டேலி ஆகவில்லை. போதகரும் டேலி ஆக்க முயலவில்லை, போர்டை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீ நேரம் முழுக்க எல்லாரும் போர்டு முன்னாலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். நான் சகேயு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய் ஆஸ்தி என்றால் ஐம்பது ஏழைகளுக்குப் போய்விட்டது, மீதி ஐம்பதில் நாலத்தனை கொடுக்க வேண்டும், அப்படியானால் அவருடைய மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அநியாயமாய் வந்திருந்தால் மனுஷர் போண்டி. ஆயக்காரருக்குத் தலைவர், எட்டில் ஒரு பங்குதான் அநியாயமா? பாதி என்று கேட்டவுடன் நமக்கு நிம்மதி வருகிறது, வாக்கு கொடுத்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை.

அந்த மாலைதான் லாட்ஜ் அண்ணன் பேசினார். வேலூரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காக: சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குவார்கள், அவர்களை நம்பித்தான் ஆஸ்பத்திரியைச் சுற்றி அத்தனை லாட்ஜும், வங்காளச் சாப்பாட்டுக் கடைகளும், எல்லாம். இவருக்கு அங்கே சின்னதாக ஒரு லாட்ஜ்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா. என்கிட்ட தங்கறவங்க எல்லாம் சீக்காளிங்க. நான் வாங்கற வாடகை ஆசீர்வாதமா, இன்னொருத்தன் கஷ்டமா?"

போதகர் வசனம் எதுவும் எடுக்கவில்லை. "உங்க தங்கச்சி வைத்தியத்துக்கு வந்து தங்கினா எவ்ளோ வாங்குவீங்க?"

"தங்கச்சிகிட்ட வாடகை வாங்குவாங்களா ஐயா!"

"சரி, தங்கச்சி தெருவுல இருக்கறவங்க வந்தா?"

அண்ணன் கரண்ட் பில், தண்ணி லாரி, ரூம் பாய் சம்பளம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து ஒரு தொகை சொன்னார். இப்போது வாங்குவதைவிட அது குறைவு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, உடனே "ஆனா பேங்க் லோன் இருக்குது ஐயா" என்றார். போதகர் "அதையும் சேர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சங்கக் கூட்டங்களில் இப்படி ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததே இல்லை.

நடுவில் சில வாரங்கள் சுமார். ஆஸ்தியையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவை ஒரு மாலையில் முடித்தார்கள், அது நியாயமில்லை. ஐசுவரியம் போனது உன் பாவத்தால்தான் என்று வாதாடும் சிநேகிதர்களைத் தேவன் கடைசியில் கண்டிக்கிறார், நல்லது, அந்த ஃபார்முலா உடைந்தது என்று நினைக்கும்போதே அடுத்த சில வசனத்தில் 14,000 ஆடு, 6,000 ஒட்டகம் என்று எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்ப வந்துவிடுகிறது. பிள்ளைகள் மட்டும் முன்னே இருந்த எண்ணிக்கையே, ஏழு மகன், மூன்று மகள். ஆடு மாட்டை இரட்டிப்பாக்கின புத்தகம் பிள்ளைகளை ஏன் அப்படியே விட்டது என்று பேச ஒரு மாலை வேண்டும், கால் மணி நேரம்தான் கிடைத்தது. நீதிமொழிகளும் அப்படித்தான். சோம்பேறிக் கை ஏழையாக்கும் என்பது 10ஆம் அதிகாரம், ஏழையின் வயல் நன்றாக விளைந்தாலும் நியாயக்கேட்டால் பறிபோகும் என்பது 13ஆம் அதிகாரம். முதலாவதைப் பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதி வைக்கிறோம், இரண்டாவது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

வட்டி பற்றிக் கேட்டவருக்கும் முழுப் பதில் வரவில்லை. யாத்திராகமம் 22 ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி போடாதே என்கிறது, மத்தேயு 25இல் தாலந்து உவமையில் எஜமான் பணத்தைக் காசுக்காரர் வசம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்று திட்டுகிறான். உவமையில் வரும் எஜமானைத் தேவனென்று எடுத்துக்கொள்வதா என்று ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டார், மணி எட்டரை ஆகிவிட்டது. மகளிர் குழுக் கடன், சீட்டு, நகை அடகு, இதெல்லாம்தான் நம் ஆட்களின் நிஜமான பண வாழ்க்கை. அதற்கு ஒரு முழு மாலை ஒதுக்கியிருக்கலாம்.

ஊர்க் கதைக்கு ஒதுக்கிய மாலை நன்றாக இருந்தது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, பின்னாளில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் கதை நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம், ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டது, டாக்டரான அவர் அப்பாவை ஆண் என்பதால் வேண்டாம் என்று போனது, மூன்று பெண்களும் இறந்தது. போதகர் அந்தப் பக்கம் போகாமல் பணத்தின் பக்கம் போனார். ஐடா அம்மா படித்து முடித்து இந்தியா திரும்பும்போது ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார், அதில் கட்டியதுதான் 1902இல் திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. "ஒட்டகம் ஊசிக்குள்ள போச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒட்டகத்து மேல இருந்த சுமை வேலூர்ல இறங்கிச்சு" என்றார் போதகர். எல்லாரும் சிரித்தோம். முட்டிபோடுகிற வாசல் இல்லை என்று சொன்னவரே சுமையை இறக்கிவிட்டார் என்பது எனக்கு அப்போதே தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

அதே மாலையில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் கொண்டுவந்தார். பக்தி வந்தால் மனுஷன் உழைப்பான், சிக்கனமாக இருப்பான், உழைப்பும் சிக்கனமும் சேர்ந்தால் பணம் வரும், பணம் வந்தால் பெருமை வரும், பக்தி போகும் என்று 1786இல் தன் சொந்த மெதடிஸ்டுகளைப் பார்த்தே அவர் பயந்து எழுதினார். இது வட ஆற்காட்டுச் சபைகளின் கதையேதான். கூலி வேலை செய்த தாத்தா, மிஷன் பள்ளியில் படித்து டீச்சரான அப்பா, நர்ஸ் படித்து வெளிநாடு போன அக்கா, காந்தி நகரில் மாடி வீடு, அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சபைக்கு வர நேரமில்லை. படிக்க வைத்தது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆவிக்குரிய வளர்ச்சியும் வங்கிக் கணக்கும் ஒன்றாய் வளரும் என்று நினைத்ததுதான் எங்கோ கோணலாகிவிட்டது. விதைக்கிறவன் உவமையில் முள்ளுக்குள் விழுந்த விதையை நெருக்கிப்போடுவதில் ஐசுவரியத்தின் மயக்கமும் ஒன்று. அந்த விதை முளைக்காமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள், முளைத்து நிற்கிறது, பலன்தான் கொடுக்கவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

கடைசி மாலைகளில் ஒன்றில் யாக்கோபு 5 வந்தது. எங்கள் கூட ஒரு அக்கா வருவார், ஷூ கம்பெனியில் வேலை, விடிகாலையில் வேனில் போய் இருட்டினபிறகு திரும்புகிறவர், வகுப்புக்கு யூனிஃபார்ம் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக வந்துவிடுவார். எந்தக் கம்பெனி என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நாலாம் வசனத்தை அவர்தான் சத்தமாகப் படித்தார், உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரரின் கூலியைப் பிடித்துக்கொண்டீர்கள், அது கூக்குரலிடுகிறது என்று. படித்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, எங்களுக்கு ஓவர்டைம் காசு இன்னும் வரலை. இது அந்த வசனத்துல வருதா வரலையா?"

போதகர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம், "பணம் பிரச்சினை இல்லம்மா, பண ஆசைதான் பிரச்சினை, எல்லாம் இருதயத்தின் நிலையைப் பொறுத்தது" என்று ஒன்று தீமோத்தேயு 6:10க்குப் போய்விட்டார்.

"வராத காசுக்கும் என் இருதயத்துக்கும் இன்னா ஐயா சம்பந்தம்?"

அதற்கு ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்தது, அக்கா சிரிக்கவில்லை. முன்னால அஞ்சு பின்னால அஞ்சு என்று எங்களை இத்தனை வாரம் ஓட்டினவர், அன்றைக்கு ஒரு வசனத்தில்கூட நிற்கவில்லை. அவர் எடுத்த தீமோத்தேயுவுக்கே அந்த முறையைப் போட்டால் கொஞ்சம் தள்ளி 6:17 முதல் 19 வரை ஐசுவரியவான்களுக்கு நேராகக் கட்டளை இருக்கிறது, நற்கிரியைகளில் ஐசுவரியவான்களாகுங்கள், தாராளமாய்க் கொடுங்கள் என்று. அது இருதயத்தோடு நின்றுவிடுகிற விஷயமா? வகுப்பு முழுக்க நாங்கள் பார்த்த பகுதிகளை அடுக்கிப் பாருங்கள். மல்கியாவில் கூலி, யாக்கோபில் கூலி, சகேயு திரும்பக் கொடுக்கிறது, நீதிமொழிகளில் பறிபோன வயல். எவ்வளவு பணம் வைத்திருக்கலாம் என்பதில் வேதத்தின் குரல் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணம் யாருடைய கையிலிருந்து எப்படி வந்தது என்று வரும்போது நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசி, சுவிசேஷம், நிருபம் எல்லாம் ஒரே பேச்சுதான். ஆவிக்குரிய வளர்ச்சி எங்கே தெரியும் என்று கேட்டால் நான் அங்கேதான் பார்ப்பேன், முதலாளியின் சம்பளப் பதிவேட்டில். இது கணக்கு எழுதுகிறவனின் கோணல் புத்தி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

சபைப் பணத்தையும் அவர் தொடவே இல்லை. ஏழை விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட பகுதி வந்தபோது, அதற்கு முந்தின வசனத்தில், மாற்கு 12:40இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர் வருகிறார்கள் என்று அழகாகக் காட்டினார். அந்தக் காசைப் போட்டது பாராட்டா, அவளிடமிருந்து அதையும் வாங்கின அமைப்பின்மேல் புகாரா என்று கேட்டார். பிரமாதமான கேள்வி. ஆனால் அங்கிருந்து, காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிற நம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு எட்டுதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கூறு, கடையில் என்ன விலையோ அதைப்போல ஐம்பது மடங்குக்கு ஏலம் போகும், எடுத்தவர் பெயர் மைக்கில், கைதட்டல், கமிட்டித் தேர்தல் வருஷமாக இருந்தால் இன்னும் சத்தம். அதே கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்த கிராமத்து அம்மாவின் பெயரை யாரும் வாசிக்க மாட்டார்கள். சந்தா பாக்கி லிஸ்டை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடி என்று யாக்கோபு 2 சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ஏலத்தில் எனக்கு வெறுப்பில்லை, நானும் கை தூக்கியிருக்கிறேன், ஒரு தடவை கோழிகூட எடுத்தேன். வகுப்பில் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னச் சின்ன விஷயங்கள். நோட்ஸில் எழுத்துப் பிழைகள் உண்டு, இரண்டு இடத்தில் அதிகார எண்ணே தப்பு, வேதத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஃபேன் இரண்டுதான், வேலூர் வெயிலுக்கு மாடியில் அது எந்த மூலைக்கு, ஜன்னல் பக்கம் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசியுங்கள். வண்டி நிறுத்த சந்துக்குள் இடமில்லை, ரோட்டில்தான். டீ நன்றாக இருந்தது, கூட வரும் சமோசா எண்ணெய். கத்தோலிக்கர்கள் திருவிவிலியம் கொண்டுவந்தார்கள், அதையும் சேர்த்தே வாசிக்க விட்டது பிடித்திருந்தது.

யாருக்கு இது சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் போடுவது எப்படி, கடன் அடைப்பது எப்படி என்று எதிர்பார்த்து வந்த ஒரு தம்பி மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, விளம்பரத்தில் அதைத் தெளிவாகப் போடவில்லை. முடிவாக ஒரே பதில் வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒத்துவராது. கேட்ட வசனத்தையே வேறு கோணத்தில் கேட்கப் பொறுமை உள்ளவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், சபைக் கமிட்டியில் இருப்பவர்கள், இவர்கள் கட்டாயம் போகலாம். கமிட்டிக்காரர்களுக்குக் கட்டணத்தை இரண்டு மடங்காக வைத்தாலும் தப்பில்லை.

ஐந்துக்கு மூன்றரை. யாக்கோபு 5க்கு ஒரு முழு மாலை கொடுத்தால் நாலரை ஆக்கிவிடுவேன். இதை நேரிலேயே போதகரிடம் சொன்னேன், "எழுதிக் குடுங்க, சேர்த்துப் பார்க்கலாம்" என்றார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தொகுப்பு ஈஸ்டருக்குப் பிறகு ஆரம்பிக்கிறதாம். போகிறவர்கள் முதல் மாலையே கூலிக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள், கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஷூ கம்பெனி அக்காவும் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஓவர்டைம் இல்லாத நாளாகப் பார்த்து வகுப்பை வையுங்கள் என்று கேட்டிருக்கிறார், கிழமை மாறலாம், போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போங்கள்.